இலவசப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்: கடைசிப் படியிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஒரு குடியிருப்போர் குழுவோ தொழிலாளர் சங்கமோ முன்னாள் மாணவர் அமைப்போ, புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடத்தலாம் என்று முடிவெடுத்ததும் முதலில் செய்வது தேதி குறிப்பது. அப்புறம் இடம் பிடிப்பது, பேனர் அடிப்பது, மருத்துவரைக் கூப்பிடுவது. முகாம் நன்றாகவே நடக்கும், கூட்டமும் வரும். மூன்று மாதம் கழித்து, "மார்பில் கட்டி மாதிரி இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று ஒரு அம்மாவிடம் சொன்னார்களே, அவர் போனாரா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும் என்றால் வேலையைத் தலைகீழாகத் தொடங்க வேண்டும். கடைசியில் நடக்க வேண்டியதை முதலில் உறுதி செய்துகொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு படியாக முகாம் நாளுக்கு வர வேண்டும். கீழே இருப்பது அந்த வரிசை. மருத்துவ முடிவுகளை மருத்துவர்கள் எடுப்பார்கள். இது ஏற்பாடு செய்கிறவர்களுக்கானது. முதல் முறை என்றால் மூன்று மாதமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. சந்தேகம் என்று வந்தவர் எங்கே போவார்?

முகாமில் யாருக்கும் புற்றுநோய் உறுதியாவதில்லை. சந்தேகம் மட்டும்தான் வரும். அதை உறுதி செய்யப் பயாப்ஸியோ (திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது), கருப்பைவாய் என்றால் கால்போஸ்கோப்பியோ (பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது), குடல் என்றால் கொலனோஸ்கோப்பியோ (கேமரா உள்ள குழாயைச் செலுத்திப் பார்ப்பது) வேண்டும். இந்த இரண்டாவது சோதனைக்கு வழி இல்லாமல் முதல் சோதனையை மட்டும் செய்தால், ஒருவருக்குப் பயத்தைக் கொடுத்து நடுவழியில் விட்டதாகத்தான் ஆகும். சில இடங்களில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்த நூறு பேரில் பத்துப் பேர் வரை மறுபடி அழைக்கப்படுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனால் அது தெரியும்வரை அந்தப் பத்துப் பேருக்கும் தூக்கம் இருக்காது.

அதனால் முதல் வேலை, தொடர்சோதனையும் சிகிச்சையும் கிடைக்கும் ஒரு மருத்துவமனைக்கு நேரில் போய்ப் பேசுவது. "அனுப்புங்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்ற வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். நாங்கள் அனுப்பும் ஆள் எந்தக் கிழமை, எந்தப் பிரிவுக்கு, யாரைத் தேடி வர வேண்டும்? எத்தனை நாளில் பார்ப்பீர்கள்? பயாப்ஸி முடிவு வர எவ்வளவு நாள் ஆகும்? காசு யார் கொடுப்பது, காப்பீடு இல்லாதவருக்கு என்ன வழி? ஒரு மாதத்துக்கு எங்களிடமிருந்து எத்தனை பேரை ஏற்க முடியும்? இவற்றுக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள், ஒரு மின்னஞ்சல் போதும். நீங்கள் பேசிய மருத்துவர் வேறு இடத்துக்கு மாறிப் போனால், எழுத்தில் இருப்பது மட்டும்தான் மிஞ்சும்.

முடிந்தால் இரண்டு இடங்களை ஏற்பாடு செய்யுங்கள். ஒரு இடத்தில் இயந்திரம் பழுது, ஆள் விடுப்பு என்று வந்தால் உங்கள் ஆள் வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

எந்த மருத்துவமனையும் இப்படி ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பரிசோதனை முகாமைத் தள்ளிவையுங்கள். அதுவரை தடுப்பூசி, புகையிலை நிறுத்தம், அறிகுறிகள் பற்றிய பேச்சு ஆகியவற்றை மட்டும் நடத்தலாம். அதுவும் பயனுள்ள வேலைதான், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

2. எந்தப் புற்றுநோய், எந்த வயது என்று முடிவு செய்யுங்கள்

"எல்லாப் புற்றுநோய்க்கும் பரிசோதனை" என்று நோட்டீஸ் அடிப்பது புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு. அப்படி ஒரு சோதனை கிடையாது. நோய் அறிகுறி இல்லாதவரிடம் தேடினால் உண்மையிலேயே உயிர் காக்கும் என்று ஆய்வுகளில் தெரியவந்திருப்பது சில புற்றுநோய்களுக்கு மட்டும்தான். அவற்றில் உங்களுக்கு இரண்டாவது சோதனைக்கு வழி இருக்கிற ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கருப்பைவாய்ப் புற்று. கிடைக்கிற பலன் மிக அதிகம், ஏனென்றால் புற்றாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மாற்றத்தைக் கண்டுபிடித்து நீக்கிவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸ்) சோதனை, எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்து 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறை. இந்தச் சோதனையில் இன்னொரு வசதி, பெண்ணே தனக்குத் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். வெட்கத்தால் விலகி நிற்பவர்களுக்கு அந்த ஒரு வசதியே வருவதா வேண்டாமா என்பதை முடிவு செய்துவிடும். எச்.பி.வி. சோதனை கிடைக்காத இடங்களில், நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் வி.ஐ.ஏ. முறை உண்டு. செலவு குறைவு, முடிவும் உடனே தெரியும். ஆனால் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது ஒத்துவராது. பார்க்க வேண்டிய பகுதி அந்த வயதில் உள்ளே நகர்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது.

மார்பகப் புற்று. மேமோகிராம்தான் அடிப்படை. எந்த வயதில் தொடங்குவது என்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருக்கிறது, சில இடங்களில் 40, சில இடங்களில் 50; பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. உங்கள் நாட்டு விதி எதுவோ அதையே பின்பற்றுங்கள், இல்லாவிட்டால் அரசு உதவியோ காப்பீடோ கிடைக்காமல் போகலாம். மேமோகிராம் எட்டாத இடத்தில் பயிற்சி பெற்றவர் கையால் பரிசோதிப்பது வீண் வேலை இல்லை. மும்பையில் 20 ஆண்டுகள் கவனித்த ஒரு பெரிய ஆய்வில், பெண் சுகாதாரப் பணியாளர்கள் இப்படிப் பரிசோதித்ததில் 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்று இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. "நீங்களே மாதாமாதம் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஷாங்காயில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில் அதனால் இறப்பு குறையவில்லை. மார்பில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் தள்ளிப்போடாமல் வாருங்கள் என்று சொன்னால் போதும்.

வாய்ப்புற்று. புகையிலை, பாக்கு, மது பழக்கம் உள்ளவர்களுக்கு. நல்ல வெளிச்சம், கண்ணாடி, கையுறை, பயிற்சி பெற்ற ஒரு கண் இருந்தால் ஆகிவிடும். கேரளத்தில் நடந்த ஆய்வு, இப்படிப் பார்ப்பது பழக்கம் உள்ளவர்களிடையே இறப்பைக் குறைக்கிறது என்று காட்டியது. பழக்கம் இல்லாதவர்களையும் வரிசையில் நிறுத்தி எண்ணிக்கை கூட்டுவதில் பலன் இல்லை.

பெருங்குடல் புற்று. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிட் சோதனையை வீட்டிலேயே எடுக்கலாம். 45 அல்லது 50 வயதிலிருந்து 75 வரை, ஆண்டுக்கு ஒரு முறை அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. ஆனால் பாசிட்டிவ் வந்தால் கொலனோஸ்கோப்பி கட்டாயம். அதற்கு வழி இல்லாத இடத்தில் இந்தக் கிட்டைக் கையிலெடுக்காதீர்கள்.

நுரையீரலுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் உண்டு, அது நீண்டகாலம் நிறைய புகைத்தவர்களுக்கு மட்டும். அதை முகாமில் செய்ய முடியாது, தகுதி உள்ளவர்களை அடையாளம் கண்டு அனுப்பலாம். புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனையை ஒருவர் தன் மருத்துவரோடு நன்மை தீமை பேசிய பிறகு எடுப்பதே சரி, வரிசையில் நிற்க வைத்து எல்லோருக்கும் ரத்தம் எடுக்கக் கூடாது.

சினைப்பைக்கு சி.ஏ. 125 ரத்தச் சோதனை, தைராய்டுக்கு ஸ்கேன், "ஒரே ரத்தச் சோதனையில் எல்லாப் புற்றும்" என்று யாராவது இலவசமாகத் தருகிறேன் என்று வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கு இவை செய்கிற நன்மையைவிட, தேவையில்லாத அறுவை சிகிச்சையும் பயமும் அதிகம்.

இன்னொன்று. கட்டி, ரத்தப்போக்கு, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், காரணமில்லாமல் எடை குறைவது என்று ஏற்கெனவே அறிகுறி உள்ளவர் முகாமுக்கு வந்தால் அவரை வரிசையில் நிறுத்தாதீர்கள். அவருக்குத் தேவை நேரடியாக நோய் கண்டறியும் சோதனை. முகாம் சோதனையில் "ஒன்றுமில்லை" என்று வந்துவிட்டால் அந்த நிம்மதியிலேயே மாதக்கணக்கில் சும்மா இருந்துவிடுவார்.

3. வராதவர்களிடம் முதலில் பேசுங்கள்

முகாமுக்குத் தானாக வருகிறவர் எங்கேயும் போய்ப் பார்த்துக்கொள்ளக்கூடியவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். ஆண்டுதோறும் அதே முகங்கள் வருவதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். இதுவரை ஒரு முறைகூடப் பரிசோதனை செய்துகொள்ளாதவர்தான் உங்களுக்கு முக்கியம்.

அப்படிப்பட்ட பத்து பதினைந்து பேரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், அது குற்றம் சாட்டுவது மாதிரி இருக்கும்; வர வேண்டுமென்றால் என்ன இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு நாள் கூலி போய்விடும், குழந்தையை விட்டுவிட்டு வர முடியாது, ஆண் மருத்துவர் என்றால் முடியாது, ஆவணம் கேட்பார்களோ என்று பயம், போன முறை செவிலியர் கடுமையாகப் பேசினார், எங்கள் மொழியில் பேச ஆள் இல்லை என்றெல்லாம் வரும். "நோய் இருந்தால் என்ன செய்யப் போகிறேன், தெரியாமலே இருந்துவிடுகிறேன்" என்பதும் வரும். இதைச் சொல்கிறவரை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். சிகிச்சைக்குக் காசில்லாதவருக்கு அது நியாயமான கணக்கு. முதல் படியில் வாங்கிவைத்த எழுத்து உறுதிதான் அவருக்கு நீங்கள் தரக்கூடிய பதில்.

இந்தப் பேச்சிலிருந்து முகாமின் நேரம், இடம், பரிசோதிப்பவர் யார் என்பதெல்லாம் தானாக முடிவாகும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் என்றால் மாலையோ விடுமுறை நாளோ. பெண்களுக்கான பரிசோதனை என்றால் பெண் பரிசோதகர், இதில் சமரசமே வேண்டாம்.

4. பணமும் அனுமதியும்

செலவைக் கணக்குப் போடும்போது சோதனையின் விலையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆய்வகக் கட்டணம், மேமோகிராம் படத்தைப் படித்துச் சொல்லும் நிபுணருக்கான கட்டணம், பயாப்ஸி, போக்குவரத்து, அழைப்புகளுக்கான ஆள்நேரம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு ஆளுக்கான செலவு. மொத்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தொடர்சோதனைக்கென்று தனியாக எடுத்துவைத்துவிட்டு, மீதியில் எத்தனை பேரைப் பரிசோதிக்க முடியும் என்று பாருங்கள். 200 பேருக்குப் பணம் இருக்கிறது என்று தோன்றுகிற இடத்தில், இப்படிக் கணக்குப் போட்டால் 120 பேருக்குத்தான் வரலாம். 120 பேரையே கூப்பிடுங்கள்.

இலவசம் என்ற சொல்லில் கவனம் வேண்டும். எது இலவசம், எதற்குக் காசு என்று நோட்டீஸிலேயே இருக்கட்டும். காப்பீடு உள்ள இடங்களில் முதல் சோதனைக்குக் கட்டணம் இல்லாமல், அதில் ஏதாவது தெரிந்து அடுத்து எடுக்கும் சோதனைக்குக் கட்டணம் வருவது உண்டு. அந்த ரசீது வந்த பிறகு அவர் உங்களையும் நம்ப மாட்டார், அக்கம்பக்கத்தில் நாலு பேரிடமும் சொல்வார். குறைந்த கட்டணம் வாங்குவதில் தவறில்லை, ஆனால் கட்ட முடியாதவர் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது. பதிவுத் தாளில் "கட்டணச் சலுகை வேண்டும்" என்று ஒரு கட்டம் போட்டு, டிக் மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

காசு தேடும்போது முதலில் அரசின் பரிசோதனைத் திட்டத்தைக் கேளுங்கள். பல இடங்களில் சோதனையும் ஆட்களும் ஏற்கெனவே இருக்கும், மக்கள் வராததுதான் அவர்களின் பிரச்சினை. அங்கே உங்கள் வேலை அழைத்து வருவதும் பின்தொடர்வதும் மட்டும், செலவு பாதியாகிவிடும். தனியார் மருத்துவமனை இலவசமாகச் செய்ய முன்வந்தால், சந்தேகம் வந்தவர்கள் வேறு இடத்துக்குப் போகவும் உரிமை உண்டு, ரிப்போர்ட் அவர்கள் கையில் தரப்படும் என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

சுகாதாரத் துறை அனுமதி, நடமாடும் மேமோகிராம் வண்டிக்கான கதிர்வீச்சு உரிமம், மருத்துவக் கழிவை யார் எடுத்துப் போவது, இந்த மூன்றையும் ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

5. பதிவேட்டை முகாமுக்கு முன்பே தயார் செய்யுங்கள்

பின்தொடர்வது தோற்றுப் போவதற்கு அலட்சியம் காரணமாக இருப்பது அபூர்வம். போன் நம்பர் தப்பாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொருவரிடமும் இரண்டு எண்கள் வாங்குங்கள், இரண்டாவது எண் யாருடையது, அவரிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதையும் கேட்டுக் குறியுங்கள். முதல் எண்ணைப் பதிவு மேசையிலேயே ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடுங்கள்.

பெயர், வயது, எண்கள், எந்த மொழியில் பேச வேண்டும், எந்த நேரத்தில் கூப்பிடலாம், முன்பு எப்போதாவது பரிசோதித்ததுண்டா, இன்று என்ன சோதனை, முடிவு, முடிவு சொன்ன தேதி, தொடர்சோதனைத் தேதி, போனாரா, அதில் என்ன தெரிந்தது, சிகிச்சை தொடங்கிய தேதி, பொறுப்பான தன்னார்வலர் யார். ஒரு எக்ஸெல் ஷீட் போதும். இதில் கடைசி ஐந்து கட்டங்கள்தான் பெரும்பாலான பதிவேடுகளில் இருப்பதே இல்லை.

யார் இதைப் பார்க்கலாம் என்பதை இரண்டு மூன்று பேரோடு நிறுத்துங்கள். வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடக் கூடாது, ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பக் கூடாது, முகாமில் வரிசையில் நிற்பவர்களைப் புகைப்படம் எடுத்து முகநூலில் போடவும் கூடாது. ஒருவருக்குச் சந்தேகம் என்ற செய்தி அவருக்கு முன்னால் தெருவுக்குத் தெரிந்துவிட்டால், அந்தத் தெருவிலிருந்து அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள்.

6. அழைப்பு

நோட்டீஸும் ஒலிபெருக்கியும் தகவல் சொல்லும், ஆளைக் கூட்டி வராது. ஆள் வருவது, தெரிந்த ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான். அதே பகுதியில் வசிக்கிற, ஏற்கெனவே பரிசோதனை செய்துகொண்ட பெண் ஒருவர் பத்து வீட்டுக்குப் போய்ப் பேசினால், அது மருத்துவரின் மேடைப் பேச்சைவிட அதிகம் வேலை செய்யும்.

அவர் சொல்ல வேண்டியது எளிது: "அக்கா, உங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. உள்ளே பெண் நர்ஸ்தான் இருப்பார். பத்து நிமிடம் ஆகும், கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், அவ்வளவுதான். சனிக்கிழமை நாலரை மணிக்கு உங்களுக்கு நேரம் போட்டு வைக்கட்டுமா?" கடைசிக் கேள்வி முக்கியம். "வந்துவிடுங்கள்" என்பதற்கும் "நாலரை மணி உங்களுக்கு" என்பதற்கும் வருகையில் பெரிய வித்தியாசம் தெரியும்.

புண்களும் கட்டிகளும் நிறைந்த படங்களைக் காட்டாதீர்கள். பயம் வந்தவர் பரிசோதனைக்கு வருவதைவிட ஒதுங்கிப் போவதுதான் அதிகம், அதுவும் நம் இலக்கான ஆட்கள் ஏற்கெனவே பயந்துதான் ஒதுங்கியிருக்கிறார்கள்.

அழைக்கும்போதே முன்தயாரிப்பையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வந்தவரைத் திருப்பி அனுப்ப நேரும். கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு மாதவிடாய் நாள்கள் வேண்டாம். பாப் ஸ்மியர் (கருப்பைவாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை) என்றால் முந்தைய இரண்டு நாள் உடலுறவும் பிறப்புறுப்பில் வைக்கும் மருந்துகளும் தவிர்க்க வேண்டும். மேமோகிராமுக்கு வரும்போது பவுடர், டியோடரண்ட் போடக் கூடாது, படத்தில் புள்ளிகளாகத் தெரிந்து குழப்பும். மேல் தனி, கீழ் தனியாக உள்ள உடை வசதி. ஃபிட் கிட்டுக்கு உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை, ஆனால் மாதிரி கழிப்பறைத் தண்ணீரில் படக் கூடாது, எடுத்த தேதியை எழுதி, கிட்டில் சொல்லியிருக்கும் நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். இந்தக் கிட்டைக் கையில் கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது, ஒரு தடவை பிரித்துச் செய்துகாட்டுங்கள். பாதிக் கிட்டுகள் அலமாரியில் தூங்குவதற்குக் காரணம், எப்படி எடுப்பது என்று கேட்கக் கூச்சப்படுவதுதான்.

இரண்டு நாள் முன்பு ஒரு நினைவூட்டல், அன்று காலையில் ஒன்று.

7. முகாம் நாள்

எல்லோரையும் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லாதீர்கள். நேரம் பிரித்துக் கொடுத்தால் கூட்டம் குறைவாகத் தெரியும், திறப்பு விழாவுக்குப் படம் எடுக்க நன்றாக இருக்காது என்று குழுவிலேயே சிலர் வருத்தப்படுவார்கள். பரவாயில்லை. மூன்று மணி நேரம் காத்திருந்தவர் திரும்ப வர மாட்டார்.

பதிவு, பிறகு ஒருவரோடு ஒருவர் ஐந்து நிமிடப் பேச்சு, பிறகு பரிசோதனை, கடைசியில் வெளியேறும் மேசை. அந்த ஐந்து நிமிடத்தில் என்ன சோதனை, எதற்கு, முடிவு எப்போது வரும், சந்தேகம் வந்தால் என்ன செய்வோம் என்று சொல்லி, விருப்பம் கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அதையும் முகம் மாறாமல் ஏற்க வேண்டும். அறிகுறி உள்ளவர்கள் இங்கேதான் தெரியவருவார்கள், அவர்களைத் தனியாக அழைத்துப் போய் மருத்துவரிடம் விடுங்கள்.

பரிசோதனை இடத்துக்குத் திரைச்சீலை மட்டும் போதாது. உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது. ஒருவர் முடித்து உடை மாற்றி வெளியே வந்த பிறகுதான் அடுத்தவரை அழைக்க வேண்டும். சோதனை செய்கிறவர் ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் "இப்போது இதைச் செய்யப் போகிறேன்" என்று சொல்லச் சொல்லுங்கள்.

வெளியேறும் மேசையில் உங்களிடம் உள்ளவர்களிலேயே பொறுமையான ஆளை உட்கார வையுங்கள். முடிவு எந்தத் தேதிக்குள் வரும், எந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும், அந்தத் தேதி தாண்டியும் அழைப்பு வரவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிய சீட்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, படிக்கத் தெரியாதவருக்கு வாயாலும் சொல்வது அவர் வேலை. இந்த மேசையைத் தவிர்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஆட்கள் போய்விடாதபடி இடத்தை அமையுங்கள்.

8. காத்திருக்கும் நேரத்தில் தடுப்பு வேலை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் தடுக்கக்கூடியவை. அதைச் செய்யச் சரியான இடம் காத்திருக்கும் நாற்காலிதான், மேடையும் மைக்கும் தேவையில்லை.

புகையிலை பயன்படுத்துகிறவரிடம் "விட்டுவிடுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், விட நினைத்தால் உதவுகிற இடத்தில் அங்கேயே ஒரு நேரம் வாங்கிக் கொடுங்கள். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகள் உள்ளவர்களிடம் எச்.பி.வி. தடுப்பூசி பற்றிப் பேசுங்கள். அந்த வயதில் ஒன்று அல்லது இரண்டு தவணை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் சொல்கிறது, எங்கே போடுகிறார்கள் என்ற விவரத்தோடு சீட்டுக் கொடுங்கள். தடுப்பூசி போட்டவர்களும் வயது வந்தபின் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பதைச் சேர்த்தே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள் வந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை நினைவுபடுத்துங்கள், பின்னாளில் கல்லீரல் புற்றுக்கு எதிரான காப்பு அது. மது பற்றிப் பேசுவதற்குச் சங்கடப்பட வேண்டாம், குறைக்கக் குறைக்க ஆபத்தும் குறையும்.

9. முடிவைச் சொல்லும் விதம்

ஒன்றுமில்லை என்று வந்தவர்களுக்கும் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சிலர் பயத்திலேயே இருப்பார்கள், சிலர் "கூப்பிடவில்லை, அப்படியென்றால் நல்லதுதான்" என்று நினைத்துக்கொள்வார்கள்; அந்தப் பழக்கம் வந்துவிட்டால் ஒரு பாசிட்டிவ் முடிவு தொலைந்து போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இவர்களுக்குக் குறுஞ்செய்தி போதும், அடுத்து எந்த ஆண்டு வர வேண்டும் என்பதும் இடையில் அறிகுறி தெரிந்தால் காத்திருக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும்.

சந்தேகம் வந்தவர்களுக்குக் குறுஞ்செய்தி கூடவே கூடாது. பயிற்சி பெற்ற ஒருவர், முடிந்தால் நேரில், இல்லாவிட்டால் போனில் சொல்ல வேண்டும். முதலில் தனியாகப் பேச முடிகிற இடத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். பிறகு சுற்றி வளைக்காமல், "உங்கள் சோதனையில் இன்னும் பார்க்க வேண்டிய ஒன்று தெரிகிறது. இது புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை, இல்லை என்று உறுதியும் இல்லை. அடுத்த சோதனையில் தெரிந்துவிடும். வியாழக்கிழமை பத்து மணிக்கு உங்களுக்கு நேரம் வாங்கியிருக்கிறோம், நான் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். நேரத்தை வாங்கி வைத்துக்கொண்டே கூப்பிடுங்கள். செய்தியை மட்டும் சொல்லிவிட்டு நேரம் பிறகு சொல்கிறோம் என்றால், அந்த இடைவெளியில்தான் ஆட்கள் தொலைந்து போகிறார்கள்.

"ஒன்றும் இருக்காது, பயப்படாதீர்கள்" என்று ஆறுதலுக்காகச் சொல்லிவிடுவது நல்ல மனதோடு செய்கிற தவறு. அதைக் கேட்டவர் அடுத்த சோதனைக்குப் போக மாட்டார். கணவரிடமோ மகனிடமோ முதலில் சொல்வதும் தவறு. முடிவு அவருடையது, யாருக்குச் சொல்வது என்று அவர் சொல்லட்டும்.

எச்.பி.வி. பாசிட்டிவ் வந்த பெண்ணுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும்: இது மிகச் சாதாரணமாக வரும் தொற்று, பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கலாம், யாருடைய நடத்தையையும் இதை வைத்துச் சொல்ல முடியாது. இதைச் சொல்லாமல் விட்டதால் வீட்டில் சண்டை வந்து சிகிச்சையே நின்றுபோவது உண்டு.

10. பின்தொடர்தல்

உங்கள் உழைப்பில் பெரும்பகுதி இங்கே போக வேண்டும். முகாமுக்கு முப்பது தன்னார்வலர்கள் வருவார்கள், மறுவாரம் இரண்டு பேர்தான் இருப்பார்கள். அந்த இரண்டு பேரை முன்பே தேர்ந்தெடுத்து, முகாம் நாளில் அவர்களுக்கு வேறு வேலை கொடுக்காமல் வைத்திருங்கள்.

சந்தேகம் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு துணை. அதே முகம், அதே குரல், கடைசிவரை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1990இல் மருத்துவர் ஹரோல்ட் ஃப்ரீமன் தொடங்கிய முறை இதுதான், இன்று பல நாட்டு மருத்துவமனைகளில் இருக்கிறது. துணையின் வேலை மருத்துவ அறிவுரை சொல்வது இல்லை. எது தடுக்கிறது என்று கண்டுபிடித்து அதை நீக்குவது. பேருந்துக் காசா, விடுப்பா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளா, படிவம் நிரப்பத் தெரியாததா, பெரிய கட்டடத்தில் எந்த வாசல் என்று தெரியாததா. கேட்டால் "நேரம் இல்லை" என்றுதான் முதலில் சொல்வார்கள், உண்மையான காரணம் மூன்றாவது போனில் வரும்.

நாள் தள்ளிப்போவது உண்மையிலேயே ஆபத்து. ஃபிட் பாசிட்டிவ் வந்து கொலனோஸ்கோப்பி பத்து மாதத்தைத் தாண்டினால் புற்று இருப்பதற்கும், அது முற்றிய நிலையில் இருப்பதற்கும் வாய்ப்பு கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. "மூலம்தான், அதனால் ரத்தம்" என்று சொல்லித் தள்ளிப்போடுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். மூலம் இருப்பவருக்கும் குடலில் கட்டி இருக்கலாம். கருப்பைவாய்க்கு இன்னொரு நல்ல வழி உண்டு: சோதனையில் பாசிட்டிவ் வந்த பெண் தகுதியானவர் என்று பரிசோதகர் பார்த்து உறுதி செய்தால், அன்றைக்கே வெப்ப முறையில், கருப்பைவாயில் மாறியிருக்கும் திசுவை அழித்துவிடலாம். அந்த வசதியுள்ள குழுவோடு சேர முடிந்தால் சேருங்கள். மறுபடி வரவழைக்க வேண்டிய அவசியமே பலருக்கு இல்லாமல் போகும்.

சிலர் எவ்வளவு சொன்னாலும் போக மாட்டார்கள். திட்டாதீர்கள், உறவினர்களைக் கூட்டி நெருக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி கூப்பிடலாமா என்று அனுமதி கேட்டு, சொன்ன தேதியில் கூப்பிடுங்கள். ரிப்போர்ட் நகலும் மருத்துவமனை விவரமும் அவர் கையில் இருக்கட்டும்.

11. கணக்கு

எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணைத்தான் எல்லோரும் கேட்பார்கள், நன்கொடை தந்தவர் உட்பட. நீங்கள் வேறு மூன்றைச் சொல்லப் பழகுங்கள். வந்தவர்களில் இதுவரை பரிசோதனையே செய்யாதவர் எத்தனை பேர். சந்தேகம் வந்தவர்களில் இரண்டாவது சோதனையை முடித்தவர் எத்தனை பேர், எத்தனை நாளில். நோய் உறுதியானவர்களில் சிகிச்சை தொடங்கியவர் எத்தனை பேர்.

இரண்டாவது கணக்கில் பத்துக்கு நாலு பேர்தான் முடித்திருக்கிறார்கள் என்றால் அடுத்த முகாமுக்குத் தேதி குறிக்க வேண்டாம். மீதி ஆறு பேரின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் காரணத்தை எழுதி, அதைத் தீர்ப்பதற்கு அந்தப் பணத்தைச் செலவழியுங்கள்.

கணக்கை முடித்ததும், ஒன்றுமில்லை என்று வந்தவர்களின் பட்டியலை அடுத்த பரிசோதனை ஆண்டு வாரியாகப் பிரித்து, இரண்டு பேரிடம் நகல் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஃபிட் எடுத்தவர்களை அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ கூப்பிட வேண்டும், மேமோகிராம் எடுத்தவர்களை இரண்டு ஆண்டில், எச்.பி.வி. சோதனை செய்தவர்களை ஐந்து ஆண்டில். அப்போது உங்கள் குழுவில் வேறு ஆட்கள் இருப்பார்கள், அதனால் யாரை, எப்போது, எந்த எண்ணில், எந்த மொழியில் கூப்பிட வேண்டும் என்பது பட்டியலைப் பார்த்ததுமே புரியும்படி இருக்கட்டும்.